மூலைக் கணப்புக்குச் சுண்ணாம்புப் பூச்சு: என் அனுபவம்

டொரான்டோ பக்கம் நாங்கள் வாங்கிய வீடு 1970களில் கட்டியது. ஹால் 'எல்' வடிவம். மூலையில் கணப்பு, அதாவது குளிர்காய நெருப்பு மூட்டும் இடம்; தரையிலிருந்து கூரைவரை கருஞ்சிவப்புச் செங்கல். அறையின் வெளிச்சத்தை எல்லாம் அதுவே விழுங்கியது. இடித்துவிடச் சொன்னார்கள். உறுதியான செங்கல், மனம் வரவில்லை.

முதலில் ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்து சோதித்தேன். அப்புறம் செங்கலில் படிந்த கரியைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டேன். சாதாரண பெயின்ட் மேலே தோலாக நின்றுவிடும். சுண்ணாம்பு செங்கலுக்குள் இறங்கும், ஈரம் வெளியேறவும் வழிவிடும். செங்கலை நனைத்துவிட்டு மெல்லிசாகப் பூச வேண்டும். பூசும்போது கலங்கலாகத்தான் தெரியும், காயக் காய வெளுக்கும். அங்கங்கே ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். அடிச்சிவப்பு லேசாக எட்டிப்பார்க்கிறது, அதுதான் அழகே! நெருப்பு எரியும் உட்குழிக்கு மட்டும் அதிக வெப்பம் தாங்கும் பெயின்ட்.

கணப்பின் வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரம் வரவே கூடாது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை என்றால் இன்னும் உயரத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் அழகு பார்க்காதீர்கள்.

சோபாவைச் சுவரோடு ஒட்டாமல் கணப்பைப் பார்த்துச் சாய்வாகப் போட்டோம். டிவி 'எல்'லின் குட்டைப் பக்கத்துக்குப் போய்விட்டது.