அன்பியத்திலிருந்து கிராம சபைக்கு

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில்) ஆகஸ்ட் 15 என்றால் மாதா விண்ணேற்புப் பெருவிழா. காலையில் பூசை, அப்புறம் அசனம், அதாவது எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. அதே நாளில்தான் கிராம சபையும். நாங்கள் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஊருக்கான தீர்மானங்கள் எங்களைக் கேட்காமலே நிறைவேறிவந்தன. அன்பியத்தை, அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழுவை, நடத்துகிறவள் என்ற முறையில் அது எனக்கு ரொம்ப உறுத்தியது. வாக்குரிமையைப் பொதுநன்மைக்காகப் பயன்படுத்துவது உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்று 1965-லேயே கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டின் 75-ஆம் எண் சொல்லிவிட்டது. கிராம சபையில் ஊராட்சியின் வாக்காளர் எல்லாருமே உறுப்பினர்கள். அங்கே போகாமல் இருந்தால் அந்தக் கடமையில் பாதியை விட்டுவிட்டதாகத்தான் நினைக்கிறேன்.

முதலில் பூசை நேரத்தைப் பங்குப் பேரவையில் பேசி முன்னால் தள்ளுங்கள். அசனத்தைச் சாயங்காலம் வைத்தால் யாருக்கும் குறையில்லை.

கிராம சபைக்கு இரண்டு வாரம் முன்பு நடக்கும் அன்பியக் கூட்டத்தில், பைபிள் வாசகம் முடிந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: நம் தெருவில் யாருக்கு என்ன கஷ்டம்? நாங்கள் கேட்டபோது வந்த பதில், இருட்டு. மறுநாள் சாயங்காலம் நாலு பேர் டார்ச்சோடு கிளம்பி, கோயிலிலிருந்து ரேஷன் கடை வரை கம்பங்களை எண்ணினோம். 14 கம்பம், 5-இல் விளக்கு எரியவில்லை. அந்த ஐந்தின் எண்களையும் நோட்டில் குறித்துக்கொண்டோம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அழகான கையெழுத்தில் மனு எழுதினாள்.

இங்கேதான் தவறு செய்தோம். மனுவில் இருந்தது கோயில் தெரு மட்டும். கையெழுத்துக்குப் போனபோது பக்கத்துத் தெரு அக்கா, “எங்க தெருவும் இருட்டுதானே, எங்களை விட்டுட்டீங்களே?” என்றார். அவர் கிறிஸ்தவர் அல்ல. அவர் கேட்டதுதான் பொதுநன்மை. அன்றே திரும்ப டார்ச் எடுத்தோம், அவரும் கூட வந்தார். மனுவை மாற்றி எழுதினோம். ஆகவே கத்தோலிக்கர் என்ற அணியாகப் போகாதீர்கள், ஊர்க்காரராகப் போங்கள். ஃபாதரை முன்னால் நிறுத்தவும் வேண்டாம். இது பொதுநிலையினரின், அதாவது குருவோ துறவியோ அல்லாத நம்மைப் போன்றவர்களின், வேலை.

கிராம சபைக்குக் குறைந்தபட்ச வருகை உண்டு. மக்கள்தொகை 3001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 200 பேர். அதனால் வீட்டுக்கு ஒருவரையாவது, முக்கியமாகப் பெண்களை, கூட்டிப்போங்கள். பேச ஒருவரை முன்பே தீர்மானியுங்கள். கம்ப எண்களை வாசித்தாலே போதும், கோபம் தேவையில்லை. தீர்மானப் பதிவேட்டில் உங்கள் கோரிக்கை எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்தபிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“மேலே எழுதிப் போட்டிருக்கிறோம்” என்று பதில் வரலாம். கீழே உள்ளவர்கள் செய்ய முடிந்ததை மேலே உள்ளவர்கள் எடுத்துக்கொள்வது அநீதி என்று 1931-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் எழுதினார். தெருவிளக்கு ஊராட்சியின் வேலை. அதைப் பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

எதுவும் நடக்கவில்லையா? தீர்மானத்தின் நகல் கேட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்த கிராம சபை அக்டோபர் 2. அன்று எழுந்து பழைய தீர்மான எண்ணைச் சொல்லி அதைப் பற்றியே முதலில் கேளுங்கள்.