கல்யாணப் பூசைக்கு பாட்டு எடுக்குறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேணாம்

புதுச்சேரியில கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவுல ரொம்ப வருஷமா பாடிட்டு வரேன், கல்யாணம்னா மண்டபம், சாப்பாடு, போட்டோகிராபர் எல்லாம் ஆறு மாசம் முன்னாடியே பேசி முடிச்சிடுறாங்க, பாட்டு மட்டும் கோயில்ல கல்யாண அறிவிப்பு, அதான் மூணு ஓலையும் வாசிச்சு முடிஞ்சப்புறம் கடைசி வாரத்துல வாட்ஸ்அப்ல வருது. அதுல பாதி சினிமாப் பாட்டு. ஃபாதர் வேணாம்பாரு, உடனே வீட்டுல மனஸ்தாபம். லிஸ்ட்ட முதல்ல பங்குத்தந்தைகிட்ட காட்டிட்டு அப்புறமா கீபோர்டுக்காரருக்கு அட்வான்ஸ் குடுங்க. காதல் பாட்ட ரிசப்ஷன்ல ஆசை தீர வைங்க, ஆனா பூசையில பாடுற வரிகள் முக்கியமா வேதாகமத்துலேருந்தும் வழிபாட்டுலேருந்தும் வரணும்னு உலக ஆயர்கள் எல்லாம் கூடுன ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லயே சொல்லிடுச்சு.

பொண்ணு உள்ள வரும்போது கீபோர்டுல வாசிப்பாங்களே ஒரு வெள்ளைக்கார மெட்டு, அது வாக்னர்ங்கிற ஜெர்மன்காரரோட இசை நாடகத்துல வர்றது, 1850ல மேடை ஏறுனது. அந்தக் கதையில அது கோயில் பாட்டே இல்ல, கல்யாணம் முடிஞ்சு ஜோடிய பள்ளியறைக்குக் கூட்டிட்டுப் போறப்ப பாடுறது, அந்த ஜோடியும் சேர்ந்து வாழாமலே பிரிஞ்சிடுது. இது தெரிஞ்சப்புறம் எனக்கு அத கேட்கவே மனசு வரல. வருகைப் பாட்டு எல்லாருக்கும் தெரிஞ்சதா இருக்கட்டும், ஒரு சரணம் கூடுதலாவே வச்சுக்கங்க, வழியில போட்டோவுக்கு நாலு தடவை நிப்பாங்க.

பதிலுரைப் பாடல் வர்ற இடத்துல வேற ஏதோ ஒரு பாட்ட நுழைக்கிறது இன்னொரு தப்பு. அது முதல் வாசகத்துக்கு நாம சொல்ற பதில், வேதாகமத்துல இருக்குற திருப்பாடல்தான், அதாவது சங்கீதம்தான் வரணும். 128ஆம் திருப்பாடல எடுத்துப் பாருங்க, மனைவி கனிதரும் திராட்சைக்கொடி மாதிரி, பிள்ளைங்க பந்தியச் சுத்தி ஒலிவக் கன்னு மாதிரின்னு வரும், கல்யாண வீட்டுக்கு இதவிட வேற என்ன வேணும்! ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்துல அனுமதி வாங்கி கல்யாணம் வச்சீங்கன்னா அல்லேலூயா கிடையாது, அதையும் முன்னாடியே பேசிக்கங்க.

பென்டிரைவ்ல டிராக் போட்டு பாடுறதும் வேணாம், ஃபாதர் காணிக்கைய வாங்கி முடிச்சிருப்பாரு, டிராக் பாட்டுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடும்.

எனக்கு ரொம்ப வலிக்கிற தப்பு சம்மதம் சொல்ற நேரத்துல நடக்குது. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளை குரல் நடுங்க 'இன்பத்திலும் துன்பத்திலும்'னு ஆரம்பிக்கிறாரு, கீபோர்டுல பின்னணி இசை மெதுவா ஏறிக்கிட்டே போகுது. கடலூர் முதுநகர்லேருந்து வந்த பொண்ணோட அம்மாச்சி ரெண்டாவது பெஞ்சுல காதுக்குப் பின்னாடி கைய வச்சு குனிஞ்சு குனிஞ்சு பாக்குறாங்க. ஒண்ணும் கேக்கல. 'என்னடி சொன்னாரு?'ன்னு பக்கத்துல மகள கேட்டாங்க. அந்த வார்த்தைக்குத்தானே அவ்ளோ தூரம் வந்தாங்க? அன்னையிலேருந்து எங்க குழுவுல சம்மதம் முடியுற வரைக்கும் கீபோர்டுல கை வைக்கிறதில்ல, தாலி கட்டுறப்பதான் பாட்ட எடுக்குறோம்.

நன்மை, அதான் திருவிருந்து அப்பம் வாங்குறப்ப பாடுற பாட்டு நிதானமா இருக்கட்டும், உயரமான கூரை இருக்குற கோயில்ல ரிதம் பேட வேகமா அடிச்சா எதிரொலியில வரியே புரியாது. கடைசியில ஜோடி மாதாவுக்கு பூ வைக்கிறப்ப மட்டும் புதுப்பாட்டு எதுவும் வேணாம், அம்மாச்சிகிட்ட எந்த மாதா பாட்டு வேணும்னு கேட்டு, அவங்க குரலுக்கு எட்டுற சுருதியில வைங்க.