மழைக்காட்டில் பறவை பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஏரிக்கரையில் பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு வெப்பமண்டல மழைக்காடு முதல் நாளிலேயே ஏமாற்றம் தரக்கூடும். ஏரியில் நாரையும் கொக்கும் கண் எதிரே நிற்கும். மழைக்காட்டிலோ மரங்கள் முப்பது, நாற்பது மீட்டர் உயர்ந்து நிற்கின்றன. உச்சியில் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேர்கிறது. பறவை இனங்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலான இனங்களில் எண்ணிக்கை குறைவு, அவையும் இலைகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதனால் அங்கே பறவையை முதலில் கண்டுகொள்வது காதுதான். நல்ல வழிகாட்டி ஒருவருக்கு நாம் கொடுக்கும் ஊதியத்தில் பெரும்பகுதி அவருடைய காதுக்காகத்தான் என்பேன். பயணிகள் செய்யும் தவறுகளில் பலவும் அந்தக் காதை அடைத்துவிடும் தவறுகள்.

பேச்சில் தொடங்குவோம். வழிகாட்டி நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று நின்று தலையைச் சாய்ப்பார். எங்கோ அரைகுறையாகக் கேட்ட குரல் இன்னொரு முறை வருகிறதா என்று காத்திருக்கிறார். சரியாக அந்த நொடியில்தான் பின்னாலிருந்து ஒருவர், "என்ன, ஏதாவது தெரிகிறதா?" என்று கேட்பார். குரல் போய்விடும், பறவையும் போய்விடும். வழிகாட்டி நின்றால் நீங்களும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். காலடியில் சருகு இருந்தால் அடுத்த அடியை எடுத்து வைக்காதீர்கள். கேள்விகள் அவர் மீண்டும் நடக்கத் தொடங்கிய பிறகு. ஆர்வ மிகுதியில் அவரை முந்திக்கொண்டு போவதும் கூடாது. தரையில் மேயும் கூச்சப் பறவைகள் முன்னால் போகிறவரின் அசைவைக் கண்டதுமே புதருக்குள் மறைந்துவிடும், பின்னால் வருகிற எல்லோருக்கும் வெறும் பாதைதான் மிஞ்சும்.

உடையும் பேசும். நைலான் மழைக்கோட்டு ஒவ்வோர் அசைவுக்கும் சரசரக்கும், உள்ளே வியர்த்தும் போகும். காற்று பலமாக இல்லாத காட்டுப் பாதையில் குடை எவ்வளவோ மேல். பைனாகுலரும் நனையாது, காதும் மறைபடாது. கேமராவின் 'பீப்' ஒலியையும் போனின் அறிவிப்பு ஒலிகளையும் விடுதியிலேயே அணைத்துவிடுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை வெள்ளையும் பளிச்சிடும் வண்ணங்களும் வேண்டாம். ஆப்பிரிக்கக் காடுகளில் கடித்து இரத்தம் குடிக்கும் செட்சி ஈக்கள் உள்ள பகுதிக்குப் போகிறவர்கள் நீலத்தையும் கறுப்பையும் தவிர்க்க வேண்டும், அந்த நிறங்கள் அவற்றை ஈர்க்கும்.

காதைப் பற்றி இன்னொன்று. வயது கூடக் கூட உச்சஸ்தாயி ஒலிகள் நமக்குக் கேட்காமல் போகின்றன. சிறு பறவைகள் பலவற்றின் மெல்லிய 'ட்ஸீ' ஒலிகள் அந்த வரம்பில்தான் இருக்கின்றன. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, கேட்காத குரலுக்கும் தலையாட்டிக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். அவர் உங்களைத் தம் அருகில் வைத்துக்கொள்வார், குரல் வந்த திசையைக் கையால் காட்டுவார். மூட்டுவலி இருந்தால் அதையும், ஏற்கெனவே நன்றாகப் பார்த்த பறவைகள் எவை, பார்த்தே ஆக வேண்டும் என்று நினைப்பவை எவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி, மழைக்காட்டின் மௌனம். ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு சிறகசைவைக்கூடக் காணாமல் போகலாம். இங்கேதான் பலர் மனம் தளர்ந்து போனை எடுக்கிறார்கள், அல்லது "வேறு இடம் போகலாமே" என்கிறார்கள். இந்தக் காடுகளில் பல இனங்கள் தனித்தனியே இரை தேடாமல் ஒன்றாகக் கூட்டம் சேர்ந்து நகர்கின்றன என்பது தெரிந்தால் பொறுமை தானாக வரும். கூட்டம் இல்லாத இடத்தில் காடே காலியாகத் தோன்றும். கூட்டம் வந்தால் ஐந்து நிமிடத்தில் மரம் முழுக்கப் பறவைகள்.

இலங்கையின் சிங்கராஜா காடு இதற்குப் பெயர்போனது. அங்கே ஆரஞ்சு நிற அலகுள்ள சிலம்பன்கள் கலகலவென்று முன்னே வரும், கொண்டை வைத்த கரிச்சான் அவற்றோடு சேர்ந்து காவல் காக்கும். அவற்றின் இரைச்சலை நம்பித் தீக்காக்கை, செம்முகப் பூங்குயில், மரங்கொத்தி என்று மற்றவை தொடரும். அப்போது நடக்கும் தவறு என்னவென்றால், எல்லோர் பார்வையும் திறந்த கிளையில் உட்கார்ந்து கத்தும் கரிச்சான் மீதே நின்றுவிடுகிறது. கேமராக்கள் அதன் மீதே பாய்கின்றன. கரிச்சானை இன்னொரு நாளும் பார்க்கலாம். கண்ணை அதிலிருந்து பிடுங்கி எடுத்து, தரையிலிருந்து புதர், நடுக்கிளைகள், உச்சி என்று அடுக்கடுக்காக மேலே கொண்டுபோங்கள். வழிகாட்டி எந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரோ அதுதான் கிடைத்தற்கரியது, மற்றதை விட்டுவிட்டு அதைத் தேடுங்கள். கூட்டம் கடந்துவிட்டது என்று தோன்றியதும் நகராதீர்கள். வாலைப் பிடித்துக்கொண்டு வரும் இரண்டொன்று மிச்சம் இருக்கும்.

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் படையெறும்புகளின் அணிவகுப்பு இதே வேலையைச் செய்கிறது. எறும்புகளுக்குப் பயந்து தப்பியோடும் பூச்சிகளைப் பிடிக்கவே சில பறவைகள் அந்தப் படையைப் பின்தொடர்கின்றன. எறும்பு வரிசைக்கு நடுவில் போய் நிற்காமல், பக்கவாட்டில் விலகி, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு காத்திருந்தால் போதும்.

"அதோ! அந்தப் பச்சை மரத்தில்!" இந்த வாக்கியத்தைப் போல ஒரு குழுவுக்குப் பயன்படாத வாக்கியம் வேறில்லை. எல்லா மரமும் பச்சைதான். விரலை நீட்டிக் காட்டுவதும் உதவாது, உங்கள் விரல் எந்த இலையைக் காட்டுகிறது என்று அடுத்தவருக்குத் தெரியாது, அந்த அசைவு பறவைக்கு மட்டும் நன்றாகத் தெரியும். எல்லோர் கண்ணுக்கும் உடனே படும் ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள்: "பாதை வளைவில் வெள்ளைத் தண்டு மரம். அடியிலிருந்து மேலே வாருங்கள். முதல் கவை. இடப்பக்கக் கிளை. அதில் பாசி தொங்குகிறது. பாசிக்கு ஒரு முழம் தள்ளி, பின்பக்கம்." மரத்தின் தலையைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு "இரண்டு மணி, ஓரத்திலிருந்து சற்று உள்ளே" என்று சொல்வதும் வேகமான வழி. உங்கள் கண்ணில் பட்டதும் பார்வையை எடுக்காமலேயே பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் அந்தக் கிளை மறுபடி கிடைக்காது. இதை வீட்டுக்கு வெளியே நாலு நாள் பழகிக்கொண்டு போனாலே பயணம் வேறாகிவிடும்.

சில வழிகாட்டிகள் பச்சை லேசரால் இடம் காட்டுவார்கள். அந்த ஒளி பறவையின் மீதோ அதன் கண்ணருகிலோ படவே கூடாது. படுகிறது என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

பைனாகுலர் வாங்கும்போது பெரிய எண்ணைத் தேடிப் போவது பரவலான பிழை. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10×42 கருவியில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4.2 மில்லிமீட்டர், 8×42 கருவியில் 5.25 மில்லிமீட்டர். இருண்ட காட்டில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். பொதுவாக 8 மடங்குக் கருவியில் பார்வைப் பரப்பும் அகலம், கைநடுக்கமும் குறைவாகத் தெரியும். மழைக்காட்டுக்கு அதுவே என் தேர்வு. குழுவில் ஸ்கோப் என்னும் முக்காலித் தொலைநோக்கி வைத்தால் முதல் சுற்றில் ஆளுக்கு ஒரே ஒரு பார்வை, உடனே விலகுங்கள். பறவை இருந்தால் இரண்டாம் சுற்றில் ஆசை தீரப் பார்க்கலாம். ஒற்றையடிப் பாதையில் முன்னால் நிற்பவர் பார்த்ததும் பின்னால் போய்விடுவதும் அதே மரியாதைதான்.

இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறுக்கு வருகிறேன். பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை வரவழைப்பது. அந்தப் பறவை நமக்காக வரவில்லை. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நம்பி, இரையை விட்டு, சில வேளை கூட்டை விட்டு, சண்டைக்கு வருகிறது. எதிரியைக் காணாமல் தவிக்கிறது. ஒரு குழு ஒரு முறை செய்தால் பெரிய சேதமில்லை என்று தோன்றலாம். ஆனால் புகழ்பெற்ற பாதைகளில் அதே ஜோடி, அதே கிளை, நாளெல்லாம் குழு மாற்றிக் குழு. பல தேசியப் பூங்காக்களில் இதற்குத் தடை இருக்கிறது. வழிகாட்டி தாமாக விரும்பி இதைச் செய்கிறார் என்று எப்போதும் எண்ண வேண்டாம். "இத்தனை தூரம் வந்தும் பார்க்கவில்லையே" என்று முகம் சுளிக்கும் பயணிக்காகவே பலர் போனை எடுக்கிறார்கள். முதல் நாள் காலையிலேயே, "கிடைத்தால் பார்ப்போம், குரல் போட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் பாரம் இறங்கும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஈக்வடாரில் ஆங்கெல் பாஸ் என்னும் விவசாயி, கண்ணில் படவே படாத 'ஜயன்ட் ஆன்ட்பிட்டா' என்ற தரைவாழ் பறவையை மண்புழு கொடுத்துப் பொறுமையாகப் பழக்கினார். பார்க்க வருகிறவர்களின் வருமானம் அவருடைய நிலத்துக் காட்டைக் காப்பாற்றியது. இரை வைப்பதிலும் கேள்விகள் உண்டு என்றாலும், எதிரிக் குரலால் ஏமாற்றுவதைவிட இது பலமடங்கு மேலானது.

போனில் உள்ள மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறதே என்று கேட்கலாம். குறிப்புக்கு நல்லது, தீர்ப்புக்குப் போதாது. துடுப்புவால் கரிச்சான் வேறு பறவைகளின் குரலை அப்படியே எடுத்துவிடும், செயலியும் அதை நம்பிவிடும்.

மலைப் பயணங்களில் உயரத்தை அலட்சியம் செய்கிறவர்கள் இரட்டிப்பாக இழக்கிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். தாவரங்கள் மாறும், பறவைகளும் மாறும். போர்னியோவின் 4,095 மீட்டர் கினபாலு மலையிலும், பெருவில் ஆண்டீஸிலிருந்து அமேசான் சமவெளிக்கு இறங்கும் மனு சாலையிலும் சில இனங்கள் ஒரு குறுகிய உயர வரம்புக்குள் மட்டுமே வாழ்கின்றன. "கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தேநீர் குடிக்க உட்கார்ந்தால் கீழே அது இருக்காது. ஒரே வாரத்தில் ஐந்து விடுதிகள் மாறும் திட்டங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலை நேரம் காரில் கழிந்துவிடும். ஒவ்வோர் உயரத்திலும் மூன்று இரவுகள் தங்கினால், மழையில் ஒரு காலை போனாலும் இன்னொன்று இருக்கும்.

விடியலைத் தவறவிடுவதற்கு மன்னிப்பே இல்லாத இடங்களும் உண்டு. ஆண்டீஸ் மலைகளில் பாறைச்சேவல் என்னும் பறவையின் ஆண்கள் கூடி ஆடும் களத்தில் வெளிச்சம் வருவதற்கு முன்பே மறைவிடத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். தாமதமாக டார்ச் அடித்துக்கொண்டு வரும் ஒருவரால் அன்றைய ஆட்டமே கலைந்துவிடலாம்.

உடல்நலத்தில் மூன்று விஷயங்கள். 2,500 மீட்டருக்கு மேல் தங்குவதானால் முதல் நாள் ஏற்றம் வேண்டாம், ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவே 2,850 மீட்டரில் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஆசியக் காடுகளில் அட்டை கடித்தால் உப்போ நெருப்போ வைக்க வேண்டாம். அது வயிற்றில் இருப்பதைப் புண்ணுக்குள் கக்கிவிடக்கூடும். நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தி வாயை விடுவியுங்கள். இரத்தம் சிறிது நேரம் நிற்காமல் கசியும், அது அட்டையின் உமிழ்நீர் செய்யும் வேலை, பயப்பட வேண்டாம்.

மாலையில் வழிகாட்டியோடு உட்கார்ந்து அன்றைய பட்டியலைச் சரிபார்ப்பதைக் களைப்பினால் தவிர்க்காதீர்கள். குரல் மட்டும் கேட்டதைக் குரல் என்றே எழுதுங்கள், பக்கத்தில் இருந்தவர் பார்த்ததை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். படம் பகிரும்போதும் கவனம் தேவை. கேரளத்தின் தட்டேக்காட்டில் பகலெல்லாம் காய்ந்த இலைபோல ஒரே கிளையில் ஒட்டி உறங்கும் தவளைவாயன் என்ற இரவுப் பறவையை வழிகாட்டிகள் காட்டுவார்கள். அதன் இடம் பரவினால் அடுத்த வாரமே அந்தக் கிளையைச் சுற்றிக் கூட்டம் சேரும். கூடும் உறங்கும் இடமும் தெரியும் படங்களைப் போடுவதற்கு முன் போனின் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். காட்டின் பெயரைச் சொன்னால் போதும், மரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.