ஸ்ப்ரூஸ் மரத்தை விரலால் அறியலாம்

டொராண்டோவில் எங்கள் வீட்டு முன்றிலில் நிற்கும் வெள்ளை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தைப் பலரும் பைன் என்கிறார்கள். பைன் ஊசிகள் கொத்தாக வரும். ஸ்ப்ரூஸில் ஒவ்வொன்றும் தனி. ஓர் ஊசியைப் பறித்து விரல்களுக்கிடையே உருட்டுங்கள். நான்கு பக்கம் கொண்ட ஸ்ப்ரூஸ் ஊசி உருளும், ஃபர் என்னும் இன்னொரு ஊசியிலை மரத்தின் தட்டையான ஊசி உருளாது. ஊசி உதிர்ந்த ஸ்ப்ரூஸ் குச்சியைத் தடவினால் சிறு முளைகள் அரம்போல் சொரசொரக்கும். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இதுதான்.

நடும் குழி வேர்ப்பந்தைவிட (வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்த உருண்டை) இருமடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் வேர்ப்பந்தின் உயரத்தை மீறவே கூடாது. அடிமரம் விரியும் இடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். சுவரிலிருந்து 5 மீட்டராவது தள்ளி நடுங்கள். நெருக்கி நட்ட என் நீல ஸ்ப்ரூஸ், காற்றோட்டமின்றிப் பூஞ்சை பிடித்து, கீழ்க்கிளையிலிருந்து மொட்டையானது. அதை வெட்டிய நாளில் மனம் கனத்தது. முதல் இரண்டு கோடைகளிலும் வாரம் ஒருமுறை வேர் நனைய நீரூற்றுங்கள்.