ஒரு மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டர்: ஊர்ச் சுவரில் நிலா காட்டுவது எப்படி

நான் பரமத்தி வேலூர் பக்கம் ஓவிய ஆசிரியை. எங்கள் ஊர்க் கிடங்குச் சுவரில் இதுவரை மூன்று முறை ப்ரொஜெக்டரில் நிலா காட்டியிருக்கிறேன். முதல் முறை சொதப்பல், இரண்டாவது முறை பரவாயில்லை. மூன்றாவது முறை ஒரு ஆயா சுவர் வரைக்கும் நடந்து போய், கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். அந்த மூன்றாவது முறையின் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. அழகாக இருக்கிறதே என்று கண்டபடி பெரிதாக்காதீர்கள். நிலாவின் விட்டம் 3,474 கி.மீ. சுவரில் விழும் நிலாவைச் சரியாக 3 மீட்டர் 47 செ.மீ. ஆக்கிவிட்டால், சுவரில் ஒரு மில்லிமீட்டர் என்பது அங்கே ஒரு கிலோமீட்டர். அப்புறம் கால்குலேட்டரே வேண்டாம், சிறுவர்கள் கையில் ஸ்கேலைக் கொடுத்தால் போதும். டைக்கோ என்ற பெரும் பள்ளம் 85 கி.மீ. அகலம், சுவரில் எட்டரை செ.மீ., எவர்சில்வர் டம்ளரின் வாய் அளவு. நிலாவின் உச்சி மலைக்கும் அடிமட்டப் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் 20 கி.மீ.; இங்கே 2 செ.மீ.

சுவர் சுண்ணாம்பு அடித்ததாக இருக்கட்டும். எனாமல் பெயின்ட் பளபளத்துக் கண்ணைக் கூசும். நாமக்கல் கோட்டைப் பாறையிலேயே காட்டலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அதோடு அந்தக் கரும்பாறை ஒளியைக் குடித்துவிடும்.

நிலாவைச் சுற்றிக் கொஞ்சம் வானமும் வேண்டும் என்பதால் படத்தின் அகலத்தை 7 மீட்டர் என்று வைத்தேன். ப்ரொஜெக்டரில் ‘த்ரோ’ என்று ஒரு எண் இருக்கும். அதை அகலத்தால் பெருக்கினால் எவ்வளவு தள்ளி வைப்பது என்று தெரியும். எண் 1.5 என்றால் பத்தரை மீட்டர். 5,000 லூமன் வெளிச்சம் போதும், ஆனால் வாடகைக்கு வாங்கும் இடத்திலேயே சுவரில் போட்டுப் பாருங்கள். முதல் முறை எனக்கு வந்த பெட்டியில் 5,000 என்றுதான் எழுதியிருந்தது, உள்ளே இருந்த விளக்குக்கு வயதாகிவிட்டது. நிலா தெரியவில்லை, சுவரில் ஓதம் ஏறிய மாதிரி ஒரு வட்டம்தான் தெரிந்தது.

ப்ரொஜெக்டரைக் குட்டியானை வண்டியின் மேல் வைத்தோம். தரையில் வைத்தால் சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள், அந்த ஒளி கண்ணுக்கு ஆபத்து. வண்டிக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். யாராவது ஏறி இறங்கினால் நிலா குலுங்கும்.

கறுப்பு ஒளி என்று ஒன்று கிடையாது. ப்ரொஜெக்டர் எதையும் கறுப்பாக்காது. ஒளி விழாத இடம் இருட்டாக இருந்தால்தான் அது வானம். ஒரே ஒரு தெருவிளக்கு சுவரைத் தொட்டால் வானம் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். அதனால் பஞ்சாயத்தில் முன்கூட்டியே சொல்லி, அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்து விளக்குகளை அணைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

படத்துக்குச் செலவு கிடையாது. 2009 முதல் நிலாவைச் சுற்றிவரும் எல்.ஆர்.ஓ. விண்கலம் அளந்ததை வைத்து, ‘சிஜிஐ மூன் கிட்’ என்ற பெயரில் நாசா இரண்டு வரைபடங்களை இலவசமாகத் தருகிறது: ஒன்று நிறம், இன்னொன்று மேடுபள்ளம். பிளெண்டர் மென்பொருளில் ஒரு உருண்டை செய்து இரண்டையும் அதன் மேல் போர்த்தி, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு விளக்கு. அதுதான் சூரியன். அதை மெல்ல நகர்த்தினால் பள்ளங்களின் நிழல் ஊர்ந்து போகும். அங்கே இருபத்தொன்பதரை நாள் நடப்பதை நான் நான்கு நிமிடத்தில் காட்டுகிறேன். மலைகளை மட்டும் உயர்த்திக் காட்ட வேண்டாம், நிழலே போதும்.

இங்கே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அளந்தது எல்லாம் சாம்பல் நிறம், நாங்கள் வரைந்தது எல்லாம் காவி. கோலத்துக்குக் கரை கட்டுவோமே, அந்தக் காவி. பிள்ளைகளிடம் நிலாப் படத்தைக் கொடுத்து, கறுப்புத் திட்டுகளில் என்ன தெரிகிறதோ வரையச் சொன்னேன். வடை சுடும் பாட்டி பதினொன்று, முயல் ஆறு, ஒரு ஜேசிபி. எல்லாம் சுவரில் காவிக் கோடாக வந்து மறைந்தன. எது விண்கலம் பார்த்தது, எது ஏழாம் வகுப்பு பார்த்தது என்று யாருக்கும் குழப்பமில்லை.

நிலாவை எந்தப் பக்கம் நிமிர்த்துவது என்பதிலும் கவனம் தேவை. வரைபடங்களில் வடக்கு மேலே இருக்கும். நம் ஊரில் பௌர்ணமி நிலா கிழக்கே எழும்போது அதன் வடதுருவம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். படத்தைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுமார் 80 பாகை சுழற்றினால்தான் நாம் பார்த்துப் பழகிய நிலா. சந்தேகமிருந்தால் ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருளில் உங்கள் ஊரைக் கொடுத்துப் பாருங்கள். நான் எங்கள் ஊர் நிலாவில் தொடங்கி, பிறகு மெதுவாக வடக்கை மேலே கொண்டுவருவேன்.

அப்படி வந்து நின்றதும் சந்திரயான்-3 இறங்கிய இடம். நடுப்புள்ளியிலிருந்து 33 செ.மீ. வலப்புறம், வட்டத்தின் அடிமட்டத்திலிருந்து 11 செ.மீ. மேலே ஒரு காவிப் புள்ளி. 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. அந்தக் கணம் சித்தம்பூண்டிக் கல்லைக் கூட்டத்துக்குள் கைமாற்றி விடுவோம். வெளிர் நிறத்தில் இருக்கும் அனார்த்தோசைட். நிலாவின் மேட்டுநிலமும் அந்த வகைப் பாறைதான். இறங்கிப் பழக இஸ்ரோ செயற்கை நிலா மண் செய்தது எங்கள் மாவட்டத்தின் இந்தக் கல்லிலிருந்துதான். வீட்டுப் படிக்கட்டில் கிடக்கிற கல்லாச்சே என்றார்கள்.

இனி பூமி. இதே அளவில் பூமியின் விட்டம் 12 மீட்டர் 74 செ.மீ., தூரம் 384 மீட்டர். சுவருக்கு நேரே போகும் சாலையில் நாடா பிடித்து அளந்தோம். பஸ் திரும்பும் திடலில் போய் முடிந்தது. அங்கே முளை அடித்து, கிணற்றுக் கயிற்றில் 6 மீட்டர் 37 செ.மீ. விட்டு, கோலமாவில் வட்டம் இழுத்தோம். ஊர்ப் பெண்கள் அதற்குள் கண்டங்களைப் போட்டார்கள். ஆஸ்திரேலியா கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

அந்த வட்டத்துக்குள் ஒரு பறைக் கலைஞர், பக்கத்தில் டார்ச்சோடு ஒரு பையன். ஒரே ஒரு அடி, அதே நொடியில் டார்ச் ஒரு மின்னல். சுவர்ப் பக்கம் நிற்பவர்களுக்கு வெளிச்சம் உடனே தெரியும், சத்தம் ஒரு நொடிக்கு மேல் கழித்துத்தான் வரும். பூமியிலிருந்து நிலாவுக்கு ஒளி போக 1.28 நொடி ஆகும். நம் சின்ன உலகத்தில் அந்த ஒளி நொடிக்கு 300 மீட்டர்தான் போகும். ஒலியும் ஏறக்குறைய அதே வேகம், கறாராகச் சொன்னால் கொஞ்சம் முந்திவிடும். அதனால் இங்கே ஒளியின் பயணத்தைக் காட்டுவது பறைச் சத்தம்தான். இதை முன்கூட்டியே விளக்காதீர்கள். முதல் அடி விழட்டும், கூட்டம் திகைக்கட்டும், அப்புறம் சொல்லுங்கள்.

நாள் குறிக்கும்போது பௌர்ணமியைத் தவிர்த்து வளர்பிறை அஷ்டமியை எடுங்கள். சாயங்காலமே அரை நிலா தலைக்கு மேல் நிற்கும். சுவரில் பார்த்த நிழலையே தொலைநோக்கியில் நிஜமாகக் காட்டலாம். பௌர்ணமியில் நிழலே விழாது. “ஏனுங்க டீச்சர், அஷ்டமியிலயா?” என்று தலைவர் தயங்கினார். அன்று கல்யாணம், காது குத்து எதுவும் இல்லாததால் சவுண்ட் சர்வீஸ்காரர் பாதி வாடகைக்கு வந்தார்.

மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். இரண்டாவது முறை லென்ஸை மொய்த்த ஈசல் ஒவ்வொன்றும் நிலாவில் கழுகு அளவுக்குப் பறந்தது. மின்சாரம் போய்வந்தால் விளக்கு பாழாகும், யுபிஎஸ் கட்டாயம். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே விசிறி நிற்கும்வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் திடலுக்குப் போய் முளையைப் பிடுங்கிவிட வேண்டும், விடிகாலை ஐந்தே காலுக்கு முதல் பஸ் பூமியின் மேல்தான் திரும்பும்.