புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் உடற்பயிற்சி ஆய்வு: உங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பது எப்படி?

பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை இறக்கும் என் சித்தப்பாவை இப்படி ஓர் ஆய்வில் சேர்க்க முயன்றபோது, தகுதி விதிகளைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பீடியை விட நினைக்கும் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

பத்து நிமிடம் விறுவிறுவென்று நடந்தால் புகைக்கும் ஏக்கம் சற்று நேரம் தணியும். அது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை. ஆனால் பழக்கத்தை நிரந்தரமாக விடவும் உடற்பயிற்சி உதவுமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதனால்தான் ஆள் சேர்க்கிறார்கள்.

1. ஆய்வைத் தேடுங்கள்

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும், 2007 முதல் இயங்கும் சி.டி.ஆர்.ஐ. (CTRI) என்ற அரசுப் பதிவேட்டின் இணையதளத்தில் ‘டொபாக்கோ’, ‘ஸ்மோக்கிங்’ ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். கைப்பேசியில் அந்த அட்டவணைகளைப் படிப்பது சிரமம், கணினியே நல்லது. ஆள் சேர்ப்பு இப்போது நடக்கிறதா, எந்த ஊரில் நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வாரத்தில் சில நாள் நேரில் வந்து பயிற்சி செய்ய வேண்டும் என்பது பல ஆய்வுகளின் நிபந்தனை. பெங்களூரில் நடக்கும் ஆய்வுக்கு ஓசூர்க்காரர் போய்வரலாம். பென்னாகரத்துக்காரருக்குப் பிழைப்பு கெடும். வீட்டிலிருந்தே பயிற்சி செய்யலாமா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

2. எத்தனை புகைக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

‘ஒரு கட்டு இருக்கும்’ என்ற பதில் போதாது. நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல், பத்துக்கு மேல் என்று ஒவ்வோர் ஆய்வும் ஓர் எல்லை வைக்கும். இதற்கான செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிழித்த காலண்டர் தாளின் பின்புறம், பற்றவைக்கும்போதெல்லாம் ஒரு கோடு போட்டால் போதும். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்பதையும் குறியுங்கள். நிகோடின் அடிமைத்தனத்தை அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் சோதனையின் ஆறு கேள்விகளில் அதுவும் ஒன்று. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அதற்கு மட்டும் மூன்று மதிப்பெண்.

3. ‘உடற்பயிற்சி செய்கிறீர்களா?’

எங்களை நிறுத்தியது இந்தக் கேள்விதான். உடல் அசைவு குறைந்தவர்களையே இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் தேடுகின்றன. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலியக்கமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் குறைவாக இருப்பவரைத்தான் சேர்ப்போம் என்பார்கள். சித்தப்பா வாழ்நாளில் உடற்பயிற்சி என்று எதையும் செய்ததில்லை. ஆனால் அந்த ஆய்வின் கேள்வித்தாள் வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் மூன்றையும் கூட்டியது. விடியற்காலை முதல் கூடை சுமப்பவர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார், தகுதியில்லை என்றார்கள்.

வேறோர் ஆய்வில் ஓய்வுநேரப் பயிற்சியை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். அதே மனிதர், அதே உழைப்பு, அங்கே இடம் கிடைத்தது. ஆகவே மாந்தோப்பு வேலை, கல்குவாரி வேலை, ஆடு மேய்ப்பது எதுவானாலும், ‘வேலையில் படும் உழைப்பும் கணக்கில் வருமா?’ என்று கேளுங்கள். இடம் கிடைக்க வேண்டுமென்று உழைப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உங்கள் உடம்புக்கு எவ்வளவு பயிற்சி தாங்கும் என்பதை அந்தப் பதிலை வைத்தும் முடிவு செய்வார்கள்.

4. உடல்நலச் சான்றுகள்

நெஞ்சுவலி, அண்மையில் வந்த மாரடைப்பு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், கர்ப்பம் ஆகியவை வழக்கமான தடைகள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதன் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்த்திருந்தால் அந்தக் குறிப்பை எடுத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளும் வேண்டும்.

5. ஊதும் சோதனை

ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்வார்கள். அது மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும். புகைக்காமல் இருந்தால் சில மணி நேரத்திலேயே அந்த அளவு பாதியாகிவிடும் என்பதால், முந்தைய நாளே விட்டவருக்கு ‘புகைப்பவர் அல்லர்’ என்று காட்டலாம். அப்படி ஏற்கெனவே விட்டிருந்தால், தயவுசெய்து ஆய்வுக்காக மறுபடி பற்றவைக்காதீர்கள். ஆய்வு போனால் போகட்டும். விறகடுப்புப் புகையில் வெகுநேரம் இருந்தாலும் அளவு ஏறும், அதைச் சொல்லிவிடுங்கள்.

6. ஒப்புதல் படிவம்

தமிழ்ப் படிவம் கேளுங்கள்; படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. சேர்வதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது: ஊத்தங்கரையிலிருந்து ஒரு வாசகர், பீடியோடு ஹான்ஸும் போடுகிறேன், சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தார். கட்டாயம் சொல்லுங்கள். நிகோடின் உடம்புக்குள் போனபின் கோட்டினின் என்ற பொருளாக மாறும். எச்சிலிலோ சிறுநீரிலோ அதைப் பார்த்தால் வாயில் அடக்கும் புகையிலையும் தெரிந்துவிடும். சில ஆய்வுகள் இரண்டும் பயன்படுத்துபவரைச் சேர்ப்பதில்லை.

இன்னொருவர், தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள், இனி என்ன செய்வது என்று எழுதியிருந்தார். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் புகையிலையை விடுவதற்கான ஆலோசனை கிடைக்கும். அதற்குத் தகுதி விதி எதுவும் கிடையாது. பீடிக் கட்டின் மேலேயே அந்த எண்ணை அச்சிட்டிருக்கிறார்கள்.