‘பிடி, பிடி’ என்று கத்தாதீர்கள்: கபடிப் பயிற்சியில் நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் பதினாறு வயதுப் பையன்களை அழைத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் போட்டிக்குப் போயிருந்தேன். கடைசி ரெய்டு. நாங்கள் ஒரு பாயின்ட் முன்னால் இருந்தோம். களத்தில் எங்கள் ஆட்கள் ஐந்து பேர். எதிரணிப் பையன் பாடிக்கொண்டு உள்ளே வந்தான். கோட்டுக்கு வெளியே நின்ற நான், "பிடிடா, பிடி!" என்று கத்தினேன். இடது ஓரத்தில் நிற்கும் எங்கள் லெஃப்ட் கார்னர் அந்த நொடியே கணுக்காலுக்குப் பாய்ந்தான். இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். வந்தவன் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டைத் தாண்டிக் கையை வைத்துவிட்டான். மூன்று பேரும் அவுட். இரண்டு பாயின்டில் தோற்றோம்.

களத்தில் ஆறு பேராவது இருந்தால்தான் ரெய்டருக்கு போனஸ் (யாரையும் தொடாமலே போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கும் பாயின்ட்) உண்டு. ஐந்து பேர் என்றால் யாரையாவது தொட்டால்தான் பாயின்ட். பின்னால் ஒதுங்கி நின்றிருந்தால் முப்பது விநாடி தானாகக் கழிந்திருக்கும். இது அந்தப் பையனுக்கும் தெரியும். பிறகு கேட்டபோது, "நீங்க சொன்னீங்கண்ணே, அதான் பாய்ஞ்சேன்" என்றான்.

பயிற்சி கொடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு இந்தக் கத்தல்தான். வெளியே இருந்து குரல் வந்துகொண்டே இருந்தால் பையன் ரெய்டரின் காலைப் பார்ப்பதில்லை, நம் வாயைப் பார்க்கிறான். கபடியில் பிடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அரை நொடிகூட இருக்காது. நாம் பார்த்து, சொல்லி, அது அவன் காதில் விழுவதற்குள் கால் போய்விடும். இப்போது பயிற்சி ஆட்டம் நடக்கும்போது விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறேன். விசில் வாயில் இருந்தால் கத்த முடியாது. முதல் வாரம் தாடை வலித்தது.

இரண்டாவது, பிடியை மட்டும் பழக்கிவிட்டு நிலைமையைப் பழக்காமல் விடுவது. மாலை முழுக்க ஆங்க்கிள் ஹோல்ட் (கணுக்கால் பிடி), தை ஹோல்ட் (தொடைப் பிடி), டேஷ் (மோதி வெளியே தள்ளுவது) என்று பையன்கள் ஜோடி ஜோடியாகச் செய்வார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் எப்போது பாய வேண்டும் என்பது அதில் வராது. நான் இப்போது கடைசி அரை மணி நேரத்தை இப்படி வைக்கிறேன்: "ஸ்கோர் 24-23, நீங்க முன்னாடி. உள்ளே ஏழு பேர். கடைசி ரெய்டு." இருபது விநாடி அவர்களே பேசிக்கொள்ளலாம். ஏழு பேர் இருக்கும்போது எல்லோரும் பின்னால் ஓடினால் ரெய்டர் ஒரு காலை போனஸ் கோட்டுக்கு அப்பால் வைத்து, இன்னொரு காலைத் தூக்கி, சமன் செய்துவிடுவான். அப்போது கார்னர்கள் ஒதுங்கக் கூடாது. அந்தத் தூக்கிய கால்தான் அவர்களுக்குக் கிடைக்கும் நேரம். அப்புறம் அதே ஸ்கோரில் ஐந்து பேரை நிறுத்துவேன், விடை தலைகீழாக மாறும். மூன்று பேரை நிறுத்தினால் கணக்கு இன்னொரு விதம், பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு பாயின்ட். வேகமாக முடிவெடுப்பதாக நாம் மெச்சுகிற பையன், பெரும்பாலும் ரெய்டர் கோட்டைத் தாண்டும் முன்பே எண்ணி முடித்தவன்தான். உள்ளூர்ப் போட்டிகளில் சூப்பர் டேக்கிள், டூ ஆர் டை (இரண்டு ரெய்டு பாயின்ட் இல்லாமல் போனால் மூன்றாவதில் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரெய்டர் அவுட்) எல்லாம் உண்டா இல்லையா என்பதை டாஸுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டாக ஆடுவதில் அடிக்கடி நடப்பது இது. கார்னர் பாய்வான், அவனுக்குத் துணையாக உள்பக்கம் நிற்கும் கவர் வேடிக்கை பார்ப்பான். "நீ வருவேன்னு நினைச்சேன்", "நீ சொல்லவே இல்லையே" என்று இரண்டு பேருக்கும் சண்டை. இதற்கு "ஒற்றுமையா ஆடுங்கடா" என்று பிரசங்கம் செய்து பயனில்லை, ஒரு விதி வேண்டும். எங்கள் விதி: ரெய்டர் பாக் கோட்டுக்கு (ஒவ்வொரு ரெய்டிலும் அவன் தாண்டியாக வேண்டிய கோடு) அப்பால் ஆழமாக இருக்கும்போது ஒருவன் பாய்ந்தால், சரியோ தப்போ, பக்கத்தில் இருப்பவர்கள் சேர வேண்டும். ரெய்டர் நடுக்கோட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டால் யாரும் சேரக் கூடாது. ஒருவன் போனால் ஒரு பாயின்டோடு போகட்டும். அன்றைக்கு இந்த விதி இருந்திருந்தால் குறைந்தபட்சம் ஆட்டம் சமனில் நின்றிருக்கும். செயினில் கை கோத்து நிற்பவர்களுக்கு வாயால் சைகை கொடுக்கப் பழக்காதீர்கள். ரெய்டருக்கும் காது உண்டு. உள்ளங்கையை ஒருமுறை அழுத்தினால் போதும்.

2014-இல் புரோ கபடி வந்த பிறகு இன்னொன்று சேர்ந்துகொண்டது. பர்தீப் நர்வாலின் டுப்கியைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் செயினுக்கு அடியில் குனிந்து ஓட ஆசை. ஆசைப்படட்டும். ஆனால் ஒரே பையனை எல்லா ரெய்டுக்கும் அனுப்புவது நம் தவறு. அவன் அவுட்டாகி வெளியே உட்காரும் நேரத்தில் டூ ஆர் டை வரும். அனுப்ப ஆள் இருக்காது, இருப்பவனுக்கோ பழக்கம் இருக்காது. பயிற்சியில் ஸ்டார் ரெய்டரை வேண்டுமென்றே பத்து நிமிடம் உட்கார வையுங்கள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், பரவாயில்லை.

தப்பு செய்தவனை எல்லோர் முன்னாலும் திட்டினால் அடுத்த ரெய்டில் பாக் கோட்டைத் தாண்டிய உடனே திரும்பிவிடுவான். அவன் பயந்துவிட்டான், நாம் அதை நிதானம் என்று நினைத்துக்கொள்வோம். "ஏன்டா பாய்ஞ்ச?" என்பதற்குப் பதிலாக "உள்ளே எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டால், அடுத்த முறை எண்ணிப் பார்ப்பான்.

அந்த லெஃப்ட் கார்னர் பையனும் இப்போது எண்ணுகிறான். போன வாரப் பயிற்சியில் ரெய்டர் வரும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து ஐந்து விரலைக் காட்டினான். எல்லோரும் பின்னால் போனார்கள். ரெய்டர் நிதானமாக போனஸ் எடுத்துக்கொண்டு போனான். களத்தில் ஆறு பேர் இருந்தார்கள். பையன் தன்னை எண்ண மறந்துவிட்டான்.